நடுவழியில் நிற்கும் ஆமை

அன்பும் மதிப்பும் மிக்க ஞாயிறு சிறுவர் பக்க ஆசிரியர் திரு. கமலநாதன் அவர்களுக்கு,

கிள்ளான், மேரு சாலை அடுக்குமாடியில் ஏழாவது மாடியில் குடியிருக்கும் சின்னையா, வயது எழுபத்து நான்கு, வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை. மரியாதைக்காக நலம் என்று எழுதலாம்தான். ஆனால் முதல் வரியிலேயே பொய் எழுதிவிட்டால் அடுத்து வரும் உண்மையைத் தாங்கள் எப்படி நம்புவீர்கள்?

நடந்த அநியாயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் சனிக்கிழமை, மாலை நாலேகால் மணிக்கு, எங்கள் குடியிருப்பாளர் சங்கம், பதினேழு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, நான் சொல்லிக்கொண்டிருந்த மிருகக் கதையைப் பாதியில் நிறுத்தி என்னை அறையை விட்டு வெளியே அனுப்பியது. அப்போது கதையில் ஓர் ஆமை யானைத் தடத்தைக் கடந்துகொண்டிருந்தது. குளம் எதிர்ப்பக்கம். யானைக் கூட்டம் வளைவில் திரும்பியாகிவிட்டது. ஆமை சரியாக நடுவில் இருந்தது. இன்றைக்கும் அது அங்கேதான் நிற்கிறது. இதற்குச் சங்கம் சொல்லும் காரணம், என் கதைகளில் வரும் மிருகங்கள் மிருகங்கள் அல்ல, சங்கத்தின் பொறுப்பாளர்கள் என்பது. ஐயா, நான் மயில் என்றால் மயில்தான். கிளி என்றால் கிளிதான். இதை அச்சில் போட்டுச் சொல்ல ஒரு பத்திரிகைக்காரர் வேண்டியிருக்கிறது என்பதால்தான் இந்தக் கடிதம்.

நான் யார் என்று தாங்கள் கேட்கலாம். முப்பத்தெட்டு ஆண்டுகள் லோரி ஓட்டியவன். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு முடிந்தது, மீதியைத் துறைமுகத்தில் படித்தேன். சரக்கு ஏற்ற லோரிகள் வரிசையாக நிற்கும். சில நாள் ஐந்து மணி நேரம், சில நாள் எட்டு. மற்றவர்கள் படுத்துத் தூங்குவார்கள். நான் வடை கட்டிவந்த தாளில் இருந்து தொடங்கி, கையில் கிடைத்த தமிழையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மிருகக் கதைகளும் எனக்கு அந்த வரிசையில்தான் கிடைத்தன. முன்னால் நிற்கும் லோரிக்காரர் ஒரு நரியைக் கொடுப்பார், பின்னால் நிற்பவர் ஒரு கரடியைக் கொடுப்பார், நான் பதிலுக்கு ஒரு முதலையைக் கொடுப்பேன். இப்படிச் சேர்த்தவை நூற்றுப்பத்துக்கு மேல். ஓய்வு பெற்றதும், எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் குப்பைத் தொட்டி வைத்திருந்த அறையை நானே கழுவி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு அலமாரிப் புத்தகம் வைத்து, பாய் விரித்தேன். ஐந்து ஆண்டுகளாக ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை நான்கு மணிக்கு அங்கே கதை. பிள்ளைகள் முன்னால், அப்பா அம்மாக்கள் பின்னால். கீழே கடை வைத்திருக்கும் ஜெய்னம்பு அக்கா எனக்கு நுரை பொங்க ஆற்றிய டீ, ஒரு தே தாரிக், இலவசமாகக் கொடுத்தனுப்புவார். ஐந்து ஆண்டுகளில் ஒரு நரிகூட யாரையும் கடித்ததில்லை.

வினை மயிலில் தொடங்கியது. அந்த மயில் கதை பழைய கதை. காட்டில் ஒரு சுனை. அதைக் காக்க மயிலை நியமித்தார்கள். ஆபத்து வந்தால் நன்றாகக் கத்தும் என்பதால்தான் அதற்கு அந்தப் பதவி. மயில் தண்ணீரில் தன் தோகையைப் பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது. சருகு விழுந்தது. எடுத்தால் தண்ணீர் கலங்கும், அழகு கலைந்துபோகும் என்று எடுக்கவில்லை. இன்னொரு சருகு விழுந்தது, அதையும் எடுக்கவில்லை. கடைசியில் சுனை அடைத்துக்கொண்டது. இவ்வளவுதான் கதை. இதை நான் என் மூன்று பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். அப்போது இன்றைய சங்கத் தலைவர் சுகுமாறன் இரண்டாம் வகுப்பில் மூக்கு ஒழுக நின்றுகொண்டிருந்தார். அந்த வாரம் எங்கள் தண்ணீர்ப் பம்பு கெட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்ததும், அதே வாரம் தலைவர் தன் படம் போட்ட பத்தடி வாழ்த்துப் பதாகையைத் தானே நின்று வாசலில் கட்டியதும், அதற்காக முடிக்குக் கறுப்பு அடித்திருந்ததும் என் குற்றமா? சருகு என்று நான் சொன்னபோதே பின்வரிசையில் இருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். நான் கதையில் எந்த இடத்திலும் பம்பு என்று சொல்லவில்லை.

எங்கள் சங்கத்துக்குக் கைப்பேசியில் ஒரு புலனக் குழு உண்டு. வாட்சாப் என்று சொன்னால்தான் இங்கே பலருக்கும் புரிகிறது. அதில் மறுநாள் காலை தலைவர், வாகனங்களைக் கோட்டுக்குள் நிறுத்தவும் என்று ஓர் அறிவிப்புப் போட்டார். அதன் கீழே யாரோ ஒரு மயில் ஸ்டிக்கரைப் போட்டார்கள். பிறகு இன்னொருவர். மதியத்துக்குள் இருபத்திரண்டு மயில். அதற்குப் பிறகு அவர் எது போட்டாலும் மயில்தான். ஒரு பெரியவர் இறந்துபோன செய்திக்குக்கூட ஒரு மயில் விழுந்துவிட்டது, அது கைதவறி என்று பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். நான் ஒரு மயிலும் போடவில்லை. எனக்கு ஸ்டிக்கர் போடத் தெரியாது.

முதல் மயில் விழுந்த அன்று மாலையே தலைவர் என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி இராஜம்மா தண்ணீர் கொடுத்தார், அதையும் வாளியில் பிடித்து வைத்ததிலிருந்துதான் கொடுக்க முடிந்தது. தலைவர் மிகவும் பணிவாகத்தான் ஆரம்பித்தார்.

"அண்ணே, நீங்க கதை சொல்லுங்க, வேணாம்னு சொல்லல. அந்த மயிலு யாருன்னு மட்டும் சொல்லிருங்க."

"மயிலு மயிலுதான் தம்பி."

"அப்பறம் ஏண்ணே அது மூனாவது கெளையில இருந்துச்சு? நான் மூனாவது மாடி லா."

"மயிலு தரையிலயா தம்பி தூங்கும்?"

அவர் தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டார். இதில் நியாயம் யார் பக்கம் என்று தாங்களே சொல்லுங்கள். ஒருவருக்கு ஒரு மயிலைப் பார்த்துக் கோபம் வந்தால், பம்பு செய்கிற ஆளைக் கூப்பிட வேண்டியதுதானே, கதை சொல்கிறவனை ஏன் கூப்பிட வேண்டும்?

அடுத்த சனிக்கிழமை, பிரச்சினை வேண்டாம் என்று மயிலை விட்டுவிட்டுக் கிளியை எடுத்தேன். வெள்ளம் வந்தால் சொல்ல வேண்டிய கிளி, யார் என்ன சொன்னாலும் "ஆகட்டும், ஆகட்டும்" என்று மட்டுமே சொல்லப் பழகியிருந்தது. எலி வந்து தண்ணீர் ஏறுகிறது என்றது. கிளி ஆகட்டும் என்றது. இந்த இடத்தில் செயலாளர் ராதாகிருஷ்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர்தான். லிஃப்ட் ஓடவில்லை, மாடிப்படியில் விளக்கில்லை என்று எதைச் சொன்னாலும் "நோட்டட் அங்கிள்" என்பார். கிளி ஒருநாளும் நோட்டட் என்று சொல்லவில்லை ஐயா, அது தமிழ்க் கிளி. ஆனாலும் திங்கட்கிழமை அவர் லிஃப்டுக்குக் காத்து நின்றபோது பிள்ளைகள் ஆறு பேர் சேர்ந்து "ஆகட்டும், ஆகட்டும்" என்று ராகம் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு உச்சரிப்பு நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குப் பாராட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தார்கள் ஒரு கடிதம். இனிமேல் ஒவ்வொரு புதன்கிழமையும், அந்த வாரக் கதையை எழுதி, வரும் மிருகங்களின் பட்டியலோடு ஒப்படைக்க வேண்டுமாம்.

இதற்கு நடுவில் ஜெய்னம்பு அக்கா தே தாரிக்கை நிறுத்திவிட்டார். அவரும் தன்னை ஏதோ மிருகமாக நினைத்துக்கொண்டாரோ என்று பயந்து போய்க் கேட்டேன். விஷயம் வேறு. "எல்லாரையும் கதையில போட்டீங்க, அஞ்சு வருஷமா தேத்தண்ணி கலக்கிக் குடுக்குறேன், எனக்கு ஒரு மானு கெடையாதா?" என்றார். கதையில் யாரையும் நான் போடுவதில்லை அக்கா என்று அரை மணி நேரம் நின்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. மான் இல்லாவிட்டால் முயலாவது கொடுங்கள் என்றார். நான் மறுத்துவிட்டேன். இன்றுவரை தே தாரிக் இல்லை.

புதன்கிழமைப் பட்டியலில் நான் எழுதிக் கொடுத்த நரியை அடித்தார்கள், குரங்கை அடித்தார்கள், தேள் என்று எழுதியதைச் சிவப்பு மையில் இரண்டு முறை அடித்தார்கள். தேளை அவர்களில் யார் தன்னுடையது என்று கேட்டாரோ, எனக்குத் தெரியாது. கடைசியில், மிருகமே இல்லாமல் ஒரு கதை சொன்னால் யாருக்கும் வருத்தம் இல்லையே அங்கிள் என்று செயலாளர் யோசனை சொன்னார். சரி என்று, மலையில் இருந்து உருண்டு வந்த ஒரு பூசணிக்காயின் கதையைச் சொன்னேன். மிருகமில்லாத கதை என்பதால் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். ஆனால் சங்கப் பொருளாளர் இராமலிங்கம் தூங்கவில்லை. அவர் பத்துமலையில் வேண்டுதல் செலுத்தி மொட்டை போட்டு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பூசணிக்காய் வழவழவென்று இருந்தது என்று நான் சொன்ன நிமிடத்தில் எழுந்து வெளியே போனார். பூசணிக்காய் வேறு எப்படி ஐயா இருக்கும்?

மறுவாரம் அவசரக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அதை இங்கே அப்படியே தருகிறேன். புத்தக அறையில் இனிமேல் ஞாயிறு சிறுவர் பக்கத்தில் அச்சான கதைகளை மட்டுமே வாசிக்கலாம். அச்சில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் வாசிக்க வேண்டும். குரல் மாற்றக் கூடாது. வால் காட்டக் கூடாது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், சின்னையா உட்பட. வால் என்று அவர்கள் சொல்வது என் தோளில் கிடக்கும் துண்டை. குரங்கு வரும்போது பின்னால் பிடித்துக் காட்டுவேன், அவ்வளவுதான். அந்தத் துண்டையும் ஆதாரம் என்று சொல்லிப் பொருளாளர் எடுத்துக்கொண்டுபோய்விட்டார். தங்கள் பக்கத்தை நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால் நான்கு வாரமாக அதில் கதையே இல்லை. படத்துக்கு வண்ணம் தீட்டுக, புள்ளிகளை இணைத்து வாத்தைக் கண்டுபிடிக்க என்றுதான் இருக்கிறது. பதினேழு பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்து நான் புள்ளிகளையா வாசிப்பது? இது என் வாயைக் கட்டுவதற்குத் தங்கள் பத்திரிகையைக் கயிறாக்கியது தவிர வேறில்லை.

ஆகவே நான் தீர்மானத்தை மதிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல நான்கு மணிக்குப் போய் உட்கார்ந்து ஆமைக் கதையை எடுத்தேன். ஆமையைத் தேர்ந்தெடுக்கக் காரணம், எங்கள் அடுக்குமாடியில் யாருமே தன்னை மெதுவானவர் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கை. ஆமை தடத்தின் நடுவுக்கு வந்தபோது தலைவர் உள்ளே வந்தார். சுவரோரம் போய்க் காற்றாடியை நிறுத்தினார். கிள்ளான் வெயில் தங்களுக்குத் தெரியும். குப்பைத் தொட்டி அறை, ஜன்னல் ஒன்றுதான். ஐந்து நிமிடத்தில் பெரியவர்கள் எல்லாம் எழுந்து போய்விட்டார்கள். பிள்ளைகள் மட்டும் நகரவில்லை, நெற்றியில் வேர்வை வழிய அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். "அப்பறம் தாத்தா?" என்றது ஒரு குரல். ஒரு சிறுமியின் மடியில் இருந்த ஆறு மாதக் கைக்குழந்தை வெக்கையில் அழ ஆரம்பித்தது. அதற்காகத்தான் எழுந்தேன், தலைவருக்காக அல்ல. இதைத் தாங்கள் தெளிவாக அச்சிட வேண்டும்.

லிஃப்ட் வரை என் பின்னாலேயே ஒரு பிள்ளை வந்தது. ஐந்தாவது மாடிப் புனிதா, வயது ஒன்பது. எப்போதும் முதல் வரிசையில் உட்காருகிறவள், அதிகம் பேசமாட்டாள்.

"ஆமை இன்னும் நடுவுலயே நிக்குதா தாத்தா?"

"நிக்குது."

"பாவம்ல? முடிச்சிருங்க தாத்தா, இங்கயே."

லிஃப்டிலும் சொல்லக் கூடாதம்மா, பேப்பரில் வந்தால்தான் சொல்லலாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள் என்றேன். வீம்புக்காகச் சொன்னதுதான். உண்மையில் இரண்டு நிமிடத்தில் ஆமையைக் கரை சேர்த்திருப்பேன். ஆனால் லிஃப்டில் ஒளிந்துகொண்டு சொல்வதற்கு அது என்ன திருட்டுக் கதையா? "பேப்பர்ல வந்தா சொல்லலாமா?" என்று இன்னொரு முறை கேட்டுவிட்டு அவள் ஐந்தாவது மாடியில் இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை ஆகிறது. நான்கு மணிக்கு நான் பால்கனியில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். கீழே அந்த அறைக் கதவு பூட்டியிருக்கிறது. என்னைச் சமாதானம் செய்ய வேண்டிய என் மனைவி என்ன கேட்டார் தெரியுமா? "எந்த மிருகம் யாருன்னு உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?" என்றார். தெரியாது என்றேன். "அப்படின்னா இந்த புளோக்குலயே பெரிய..." என்று ஆரம்பித்தவர், மிருகத்தின் பெயரைச் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்விட்டார்.

சென்ற செவ்வாய்க்கிழமை தங்களை நேரில் பார்க்கவே ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு வந்தேன். கீழே இருந்த காவலர் என்ன விஷயம் அங்கிள் என்றார். மயில் விஷயம் என்றேன். அவர் யாருக்கோ தொலைபேசியில், பறவை விற்கிறவர் வந்திருக்கிறார் என்று சொன்னார். தாங்கள் பங்சாரில் கூட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆகவே எழுத்தில் கேட்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியவை. தலைவர் சுகுமாறன், எந்தக் கையால் காற்றாடியை நிறுத்தினாரோ அந்தக் கையால் பிள்ளைகள் முன்னிலையில் அதை மறுபடி போட வேண்டும். செயலாளர் ராதாகிருஷ்ணன் தீர்மானப் பக்கத்தை அடித்துவிட்டு, அடித்தேன் என்று எனக்கு எழுத்தில் தர வேண்டும், நோட்டட் என்று சொன்னால் போதாது. பொருளாளர் இராமலிங்கம் என் துண்டைத் துவைத்துத் திருப்பித் தர வேண்டும். ஜெய்னம்பு அக்கா தே தாரிக்கை மீண்டும் அனுப்ப வேண்டும், மான் கிடையாது. மயில் போட்ட இருபத்திரண்டு பேரும் நாங்கள்தான் போட்டோம் என்று குழுவில் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியராகிய தாங்கள், கதையில் வரும் மிருகம் மிருகம் மட்டுமே, அது எந்த மாடியிலும் குடியிருக்கவில்லை என்று பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

தங்கள் பத்திரிகை நாள்தோறும் நேரத்துக்கு வெளிவரவும், தங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வற்றாமல் வரவும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மிருகத்தையும் யாருக்கும் ஒதுக்காத,
சின்னையா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை நேற்று சனிக்கிழமை எழுதி முடித்தேன். தபாலகம் பூட்டியிருந்ததால் கையிலேயே இருக்கிறது. இன்று காலை தங்கள் ஞாயிறு பக்கம் வந்தது. அதில் ஐந்தாவது மாடிப் புனிதா எழுதிய கதையைத் தாங்கள் அச்சிட்டிருக்கிறீர்கள். ஓர் ஆமை தடத்தின் நடுவில் நிற்கிறது. எதிர்ப்பக்கம் குளம். குளத்துக்குப் போகும் வழியில் ஒரு கிழட்டு எருமை குறுக்கே படுத்திருக்கிறது. மயில் வந்து தயவாகச் சொல்கிறது, எருமை நகரவில்லை. கிளி வந்து சொல்கிறது, நகரவில்லை. மான் ஒன்று டீ கொண்டுவந்து கொடுத்துக்கூடச் சொல்கிறது. "நீங்கள் பிறப்பதற்கு முன்பே நான் இங்கே படுத்தவன்" என்கிறது எருமை. அதன் தோளில் துண்டு. அதன் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கக் கால் உடைந்து ரப்பர் வளையம் போட்டிருக்கிறது. ஐயா, காட்டில் எந்த எருமை மூக்குக்கண்ணாடி போடுகிறது? இந்தக் கிள்ளானில் ரப்பர் வளையம் போட்ட மூக்குக்கண்ணாடி யாரிடம் இருக்கிறது என்று பாசாரில் மீன் வெட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். இது நானேதான், சந்தேகமே இல்லை. என் மனைவி படித்துவிட்டு, "இப்ப தெரியுதா?" என்று மட்டும் கேட்டார். தலைவர் அந்தப் பக்கத்தைப் பெரிதாக நகலெடுத்து லிஃப்ட் அருகே ஒட்டிவிட்டு, அந்தத் தயவான மயில் தான்தான் என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜெய்னம்பு அக்கா காலையிலேயே தே தாரிக் அனுப்பிவிட்டார். புலனக் குழுவில் மதியத்துக்குள் முப்பத்தோர் எருமை.

எனவே மேலே நான் கேட்ட எதையும் தாங்கள் அச்சிட வேண்டாம். மிருகம் மிருகம் மட்டுமே என்ற அந்த வரியைக் கண்டிப்பாக அச்சிட வேண்டாம். ஒரே ஒரு திருத்தம் மட்டும் போட வேண்டும். கதையின் முடிவில், ஆமை மட்டும் எருமையிடம் ஒன்றுமே கேட்காமல் வெயிலில் நிற்பதாகவும், எருமை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து நான்கு அடி தள்ளிப் படுத்ததாகவும் எழுதியிருக்கிறாள். இது தவறு. எருமை நகரவில்லை. நகர்ந்த பழக்கம் அதற்கு இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் இதைத் திருத்தி அச்சிடவும். தங்கள் பக்கம் ஞாயிறு மட்டும்தான் வரும் என்று தெரியும், அது தங்கள் பாடு. ஏனென்றால் இப்போது கதை அச்சில் வந்துவிட்டது, தீர்மானப்படி யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், சின்னையா உட்பட, ஓர் எழுத்தும் மாற்றாமல். சனிக்கிழமை நான்கு மணிக்கு நான் அந்த அறையில் இருப்பேன். திருத்தம் வராவிட்டால், பதினேழு பிள்ளைகள் முன்னால் எருமை நகரத்தான் வேண்டியிருக்கும். ஆமை பாவம், மூன்று வாரமாக நிற்கிறது.